பெட்டி வாங்குவதற்கு முன் யன்னலைப் பாருங்கள்

கொழும்பின் பொரளையிலோ வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பாட்டைப் பதிவுசெய்ய இன்று யாரும் பெரிய கலையகத்தின் வாசலில் முறைக்காகக் காத்திருப்பதில்லை. தொடர்மாடி வீட்டின் படுக்கையறையில் ஒரு கணினி, ஓர் ஓடியோ இன்டர்பேஸ், ஒரு மைக், ஒரு ஹெட்போன் இருந்தால் வேலை நடந்துவிடுகிறது. கோவில் திருவிழாவுக்கான பக்திப் பாடல்கள், தேவாலயப் பாடகர் குழுவின் கீதங்கள், நடன ஆசிரியை மாணவிகளின் பயிற்சிக்குக் கேட்கும் உருப்படிகள், பண்பலை வானொலிகளுக்குப் போகும் விளம்பரங்கள், ராப் பாடல்கள் எல்லாமே இப்படித்தான் உருவாகின்றன. இந்த வீட்டுக் கலையகக்காரர்களிடம் இப்போது ஓர் ஆசை பரவி வருகிறது. கணினிக்குள் இருக்கும் கொம்ப்ரசரும் ஈக்வலைசரும் போதாது, அனலொக் பெட்டிகளை வெளியே வாங்கி வைத்து, பாட்டை அவற்றின் ஊடாக அனுப்பி எடுத்தால்தான் அதற்கு உயிர் வரும் என்ற நம்பிக்கை அது. அந்தப் பெட்டிகள் மட்டமானவை என்று சொல்ல நான் வரவில்லை. கொழும்பின் வீட்டுக் கலையகம் ஒன்றில் அவற்றுக்குச் செலவாகும் பணம் தவறான இடத்துக்குப் போகிறது என்பதே என் வாதம். பாட்டு கெடும் இடம் வேறு, நாம் மருந்து போடும் இடம் வேறு.

முதலில் இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். மென்பொருளில் இருக்கும் குரல் இலக்க வடிவில் இருக்கிறது. அதை மின் அலையாக மாற்றி இன்டர்பேஸின் வெளியீடு ஒன்றின் வழியே பெட்டிக்கு அனுப்ப வேண்டும். பெட்டி தன் வேலையைச் செய்த பின், உள்ளீடு ஒன்றின் வழியே மறுபடி இலக்கமாக்கி மென்பொருளுக்குள் கொண்டுவர வேண்டும். இந்தச் சுற்றுப் பயணத்துக்குச் சில மில்லி செக்கன்கள் பிடிக்கும். அந்தத் தாமதத்தை அளந்து சரிசெய்யும் வசதி கியூபேஸ், லொஜிக், ஏபிள்டன் லைவ் எல்லாவற்றிலும் உண்டு. விலை குறைந்த ரீப்பரில்கூட ‘ரியாஇன்சர்ட்’ என்ற கருவி கூடவே வருகிறது. சிக்கல் மென்பொருளில் இல்லை. நம் வீடுகளில் பரவலாக இருக்கும் இரண்டு உள்ளீடு, இரண்டு வெளியீடு கொண்ட சிறிய இன்டர்பேஸில் அந்த இரண்டு வெளியீடும் ஸ்பீக்கருக்கே போய்விடுகின்றன. ஆகவே பெட்டிக்கு முன்னால் நான்கு வெளியீடுள்ள புதிய இன்டர்பேஸ் வாங்க வேண்டும். நல்ல கேபிள்கள் வேண்டும், பெட்டியைப் பொருத்த ஒரு தாங்கி வேண்டும். விலைப் பட்டியலில் பெட்டிக்கு எதிரே எழுதியிருக்கும் தொகை உண்மையான செலவின் ஒரு பகுதிதான்.

இந்தப் பெட்டிகள் ஏன் பிறந்தன என்பதை மறந்துவிட்டுத்தான் நாம் அவற்றைக் கும்பிடுகிறோம். 1967இல் அமெரிக்க ஒலிப்பதிவாளர் பில் புட்னம் உருவாக்கிய 1176 கொம்ப்ரசரும், அதற்குச் சற்று முந்திய எல்.ஏ-2ஏயும், 1970இல் ரூபர்ட் நீவின் நிறுவனம் தந்த, மைக்கின் அலையைப் பெருக்கும் 1073 ப்ரீஅம்பும் காந்த நாடாக் காலத்தின் பிள்ளைகள். நாடாவில் இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் இடையே கிடைக்கும் இடைவெளி, இரைச்சல் நீக்கும் கருவி ஏதும் இல்லாவிட்டால், ஏறத்தாழ 60 முதல் 70 டெசிபல்தான். பாடகர் மெதுவாகப் பாடினால் குரல் இரைச்சலில் மூழ்கும், திடீரென்று உச்சத்துக்குப் போனால் நாடா தாங்காது. அந்தக் குறுகிய வழிக்குள் குரலை அடக்கி வைக்கவே கொம்ப்ரசர் தேவைப்பட்டது. இன்றைய 24 பிட் பதிவு கணக்கின்படி 144 டெசிபல் வரை தாங்கும். மின் இரைச்சலைக் கழித்துப் பார்த்தாலும் சாதாரண இன்டர்பேஸ் ஒன்றே 110 டெசிபல் வரை தருகிறது. நாதஸ்வரம் எவ்வளவு ஓங்கி ஒலித்தாலும் அளவை 15, 20 டெசிபல் குறைத்து வைத்துப் பதிவுசெய்துவிட்டுப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், ஒன்றும் குறையாது. எந்தத் தேவைக்காகப் பெட்டி பிறந்ததோ அந்தத் தேவை போய்விட்டது. மிச்சம் இருப்பது அதன் நிறம் மட்டும்.

நிறம் கற்பனை இல்லை. டிரான்ஸ்போர்மர், வால்வ், டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றும் ஒலியில் தன் கைரேகையைப் பதிக்கிறது. மூல ஸ்வரத்தின் மடங்குகளான புதிய அதிர்வுகளைச் சிறிதளவு சேர்க்கிறது. காதுக்கு அது செழுமையாகப் படும். ஆனால் அளக்க முடிந்த எதையும் கணக்காக எழுத முடியும். கடந்த இருபது ஆண்டுகளாக மென்பொருளாளர்கள் அதைத்தான் செய்துவருகிறார்கள். உலகின் பெரிய பாடல் தொகுப்புகளைக் கலந்து தந்த அமெரிக்க ஒலிப்பொறியாளர் அன்ட்ரூ ஷெப்ஸ், பெயர்பெற்ற நீவ் 8068 மேசைகளையே சொந்தமாக வைத்திருந்தவர். அவர் அவற்றைக் கைவிட்டு முழுக்கக் கணினிக்குள் வேலை செய்யத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நாம் வாங்க நினைப்பதோ அந்த மேசை கூட இல்லை, அதன் ஒரு துண்டுக்கு யாரோ செய்த மலிவுப் பிரதி.

இங்கே ஒரு விடயத்தில் எதிர்த்தரப்புக்கு நியாயம் சொல்ல வேண்டும். ‘சுற்றுப் பயணத்தில் ஒலி கெட்டுவிடும், ஆகவே பெட்டி வேண்டாம்’ என்று வாதிடுவோர் உண்டு. அது பிழை. 2007இல் ஓடியோ பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் மேயர், மொரன் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவு ஒலித்துக்கொண்டிருக்கும்போது, நடுவே 16 பிட் குறுந்தட்டுத் தரத்துக்கு மாற்றித் திருப்பும் கருவி ஒன்றைச் சேர்த்தும் விலக்கியும் கேட்பவர்களிடம் வேறுபாடு தெரிகிறதா என்று கேட்டார்கள். 554 தடவைகளில் 276 தடவை சரியான பதில் வந்தது. நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். பின்னர் 2016இல் லண்டனைச் சேர்ந்த ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளின் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, உயர்தரப் பதிவை அடையாளம் காணும் திறன் 52.3 சதவீதம் என்று கண்டார். பயிற்சி பெற்ற காதுகள் அதைவிடச் சற்று முன்னே நின்றன. எனவே ஒலியை இலக்கமாகவும் மின் அலையாகவும் மாற்றும் மாற்றியின் ஊடாக ஒரு முறை போய் வருவதால் பாட்டுக்குக் கேடில்லை. அதே சான்று மறுபக்கமும் வெட்டுகிறது. பலர் சொல்வதுபோல் மாற்றி ஒலியைக் ‘குளிர’ வைப்பதில்லை என்றால், அந்தக் குளிரைப் போக்க வெளியிலிருந்து சூடு கொண்டுவர வேண்டிய அவசியமும் இல்லை.

சூடு என்ற பேச்சு வந்தாலே கொழும்பில் உடனே வருவது இலங்கை வானொலி. பொரளைச் சந்தியிலிருந்து முச்சக்கரவண்டியில் சிறிது நேரத்தில் போய்விடக் கூடிய சுதந்திர சதுக்கத்துக் கலையகங்களில் பதிவான மெல்லிசைப் பாடல்களைக் கேட்டவர்கள், அந்த இதம் இன்றைய பாடல்களில் இல்லை, அது அனலொக்கின் இதம் என்கிறார்கள். இந்த நினைவை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அறிவிப்பாளர்கள் எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலையும் கே.எஸ். ராஜாவின் குரலையும் பாக்கு நீரிணைக்கு இருபுறமும் மக்கள் கேட்டது மத்திய அலையிலும் சிற்றலையிலும். அத்தகைய ஒலிபரப்பில் வானொலிப் பெட்டியின் வழியே நமக்கு வந்து சேர்வது 5 கிலோஹேர்ட்ஸை ஒட்டிய அளவு வரையிலான ஒலிதான். அதற்கு மேல் உள்ள கூர்மை முழுதும் வழியிலேயே உதிர்ந்துவிடும். மரப்பெட்டிக்குள் இருந்த ஸ்பீக்கர் மிச்சத்தை இன்னும் மென்மையாக்கியது. நாம் இழந்துவிட்டதாக ஏங்கும் இதத்தில் பெரும் பங்கு ஒலிபரப்பைப் பெற்ற கருவிக்குரியது, பதிந்த கருவிக்கு அல்ல. இன்று இணையத்தில் உலவும் பழைய இலங்கைப் பாடல்களில் பலவும் யாரோ வீட்டில் கசெட்டில் பிடித்து வைத்த பிரதிகளே என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதிந்த பக்கத்திலும் சிறப்புக்குக் காரணம் பெட்டி இல்லை. வானொலிக் கலையகம் பதிவுக்கென்றே கட்டப்படுவது. இரட்டைக் கதவு, தடித்த சுவர், ஒலியை உறிஞ்சும் மேற்பரப்பு எல்லாம் அதன் உடம்போடு பிறந்தவை. அதற்குள் ஆர். முத்துசாமி போன்றோர் வழிநடத்திய வாத்தியக்காரர்கள் ஒரே நேரத்தில், ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு வாசித்தார்கள். பிழை விட்டால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால் ஒத்திகை பார்த்துவிட்டே மைக்குக்கு முன் வந்தார்கள். எந்த மைக்கை யாருக்கு எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று தெரிந்த பொறியாளர் கண்ணாடிக்கு அப்பால் இருந்தார். இவற்றை எல்லாம் விட்டுவிட்டு அந்த அறையின் மூலையில் இருந்த உலோகப் பெட்டியை மட்டும் பிரதியெடுத்து வாங்கினால் வெள்ளவத்தைத் தொடர்மாடிக்குள் இலங்கை வானொலி வந்துவிடும் என்று நம்புவது, நல்ல சமையல்காரரின் கைப்பக்குவத்தை அவருடைய சட்டியில் தேடுவது போன்றது.

அப்படியானால் நம் பதிவுகள் எங்கே கெடுகின்றன? எண்களைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், விடை அவற்றில் இருக்கிறது. ரோட் என்டி1 போன்ற நடுத்தர விலை மைக் ஒன்று தானாக எழுப்பும் இரைச்சல் 4.5 டெசிபல்தான். மின்விசிறி சுழலும், காலி வீதி பஸ்களின் ஹோர்ன் உள்ளே வரும் அறையொன்று 40 டெசிபலை எளிதில் தொட்டுவிடும். இடைவெளி 35 டெசிபல், சக்தியின் கணக்கில் மூவாயிரம் மடங்குக்கு மேல். மைக்கின் இரைச்சலே இப்படி அறையின் சத்தத்துக்குள் அமிழ்ந்து கிடக்கும்போது, அதைவிட அமைதியான விலையுயர்ந்த ப்ரீஅம்ப் எதைக் காப்பாற்றப் போகிறது? வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மீட்டலில் இழுத்துக்கொண்டு போகும் கமகத்தின் வால் மெல்ல மெல்லத் தேய்ந்து அமைதிக்குள் போக வேண்டும். நம் வீட்டுப் பதிவுகளில் அது பாதி வழியில் மின்விசிறிக் காற்றுக்குள் புகுந்து காணாமல் போகிறது. வெள்ளவத்தையில் கடலோர ரயில், கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தை நோக்கி ஊரும் கொள்கலன் லொறிகள், பொரளையில் லேடி றிட்ஜ்வே சிறுவர் மருத்துவமனைக்கும் தேசிய மருத்துவமனைக்கும் விரையும் அம்புலன்ஸ்கள் என்று ஊருக்கு ஊர் சத்தம் மாறுகிறது, கதை மாறவில்லை.

சத்தத்தை விட மோசமானது அறையின் எதிரொலி. நம் தொடர்மாடிகளில் பத்தடிக்குப் பத்தடி அறை, ஏறத்தாழ அதே உயரத்தில் கூரை, சீமெந்துச் சுவர், டைல்ஸ் தரை என்ற அமைப்பு சகஜம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருக்கும் அறை பதிவுக்கு மிகக் கெட்டது. ஒலியின் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் அந்த அறை 57 ஹேர்ட்ஸிலும் அதன் இரு மடங்கான 114 ஹேர்ட்ஸிலும் மூன்று திசையிலும் ஒரே நேரத்தில் முழங்கும். மிருதங்கத்தின் தொப்பி ஒலிக்கும் பகுதி அது. ஒரு அடிக்கு ஒரு ‘கும்’ வர வேண்டிய இடத்தில் நீண்ட முழக்கம் வந்து அடுத்த சொல்லையும் மூடிவிடும். ஈக்வலைசரால் இதைத் திருத்த முடியாது, அது ஆயிரம் டொலர் பெட்டியாக இருந்தாலும் சரி. ஈக்வலைசர் ஓர் அளவைக் கூட்டும் குறைக்கும். அறையிலோ மைக்கை ஓரடி நகர்த்தினால் நோய் வேறாகிறது, அதோடு அந்த முழக்கம் அடங்க எடுக்கும் நேரத்தை எந்தக் குமிழாலும் சுருக்க முடியாது. கொம்ப்ரசர் இன்னும் பொல்லாதது. குரலின் உச்சத்தை 6 டெசிபல் அடக்கிவிட்டு மொத்த அளவை அதே 6 டெசிபல் தூக்குவதுதான் அதன் வேலை. தூக்கும்போது சொற்களுக்கு இடையில் இருக்கும் மின்விசிறிச் சத்தமும் சுவரின் எதிரொலியும் சேர்ந்து எழுகின்றன. கட்டுப்பாடற்ற அறையில் கொம்ப்ரசர் வாங்கி வைத்தவர் தன் அறையின் குறையைப் பெருப்பிக்கும் கருவிக்குக் காசு கொடுத்திருக்கிறார்.

பாட்டு போய்ச் சேரும் இடத்தையும் பாருங்கள். சக்தி, சூரியன் போன்ற பண்பலை அலைவரிசை எதற்குப் போனாலும், பண்பலை ஒலிபரப்பில் 15 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் இடமில்லை. அதற்கு முன்னரே நிலையங்கள் வழக்கமாக எல்லாப் பாடலையும் தம் ஒலிச் செயலி ஒன்றின் ஊடாக நசுக்கி ஒரே உரப்புக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. யூடியூப், ஸ்பொட்டிபை தளங்கள் உரப்பை ஒரே மட்டத்துக்குச் சரிப்படுத்தி, கோப்பையும் சுருக்கி அனுப்புகின்றன. கேட்பவர் பஸ்ஸில் இருந்துகொண்டு கைத்தொலைபேசியில் கேட்கிறார். ‘அப்படியென்றால் தரத்தைப் பற்றியே ஏன் கவலைப்பட வேண்டும்?’ என்று ஒருவர் கேட்கலாம். கவலைப்படத்தான் வேண்டும், எதைப் பற்றி என்பதில்தான் பேச்சு. டிரான்ஸ்போர்மர் சேர்க்கும் மெல்லிய நிறம் இந்த நசுக்கலில் முதலில் அழிகிறது. அறையின் எதிரொலியும் பின்னணிச் சத்தமும் நசுக்க நசுக்க மேலே வருகின்றன.

‘ஏ.ஆர். ரஹ்மானும் வீட்டில்தானே தொடங்கினார், அவரிடம் பெட்டிகள் இருந்தனவே’ என்பது அடுத்த தடை. 1989இல் சென்னைக் கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்த்து அவர் அமைத்த பஞ்சதன் கலையகத்தில் வெளிக் கருவிகள் நிறையவே இருந்தன, உண்மை. வேறு வழி இருக்கவில்லை. அன்றைய கணினியால் குரலையும் வாத்தியங்களையும் ஒன்றாகத் தாங்கிக் கலக்க முடியாது. 1992இல் வந்த ‘ரோஜா’ புதிதாக ஒலித்ததற்கு அந்தக் கருவிகளைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மணிக்கணக்கில் வாடகை ஓடும் ஸ்டூடியோவில் கிடைக்காத நேரம் சொந்தக் கலையகத்தில் கிடைத்தது. ஒரு தாளத் துணுக்கை நடு இரவில் நாற்பது விதமாக மாற்றிப் பார்க்கலாம், யாரும் கடிகாரத்தைக் காட்ட மாட்டார்கள். வீட்டுக் கலையகத்தின் ஒரே பெருஞ்செல்வம் அந்த நேரம்தான். 2020இல் அமெரிக்காவின் கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த தொகுப்பாகத் தெரிவான பில்லி ஐலிஷின் பாடல்கள் அவருடைய அண்ணன் பினியஸின் படுக்கையறையில் உருவானவை. அங்கும் கதை அதுவே.

வெளிப்பெட்டி அந்த நேரத்தைத்தான் தின்கிறது. கணினிக்குள் இருக்கும் கலவையை ஒரு நிமிடத்தில் கோப்பாக்கி எடுக்கலாம். பெட்டியின் ஊடாகப் போனால் பாட்டு ஓடும் நேரம் முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டும், மின்சாரத்துக்கு வேகமாக ஓடத் தெரியாது. நாட்டிய ஆசிரியை ஒருவர் முழு மார்க்கத்தையும் இரண்டு மணி நேரத்துக்குப் பதிவுசெய்து கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரேயொரு தனிவழிக் கொம்ப்ரசர் இருக்கிறது. வாய்ப்பாட்டு, மிருதங்கம், வயலின், நட்டுவாங்கம் நான்கையும் ஒவ்வொன்றாக அனுப்பி எடுத்தால் எட்டு மணி நேரம். ஒரு மாதம் கழித்து அவர் வந்து, வர்ணத்தில் ஒரு ஜதியை மட்டும் சற்று விறுவிறுப்பாக மாற்றித் தாருங்கள் என்பார். மென்பொருளில் பழைய கோப்பைத் திறந்தால் எல்லா அமைப்பும் விட்ட இடத்தில் நிற்கும். பெட்டியின் குமிழ்கள் இதற்கிடையில் வேறு மூன்று வேலைகளுக்குத் திருகப்பட்டிருக்கும். அவற்றைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் உலகெங்கும் இருக்கிறது, அந்தப் பழக்கமே சிரமத்துக்குச் சாட்சி.

இந்த நாட்டில் அதோடு முடிவதில்லை. 500 டொலர் பெட்டி ஒன்று 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் ரூபா. அதே ஆண்டு மே மாதத்தில் டொலர் 360ஐத் தொட்டபோது அதுவே ஒரு இலட்சத்து எண்பதாயிரம். டொலர் 300 என்று கணக்கிட்டாலும் ஒன்றரை இலட்சம் ஆகிறது. அதன்மேல் 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரி, கப்பல் கூலி. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் புகுந்த குரங்கு ஒன்று தீவு முழுவதையும் இருட்டாக்கியதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மடிக்கணினியில் மின்கலம் இருக்கிறது, மென்பொருள் கோப்பைத் தானாகச் சேமித்துக்கொள்ளும். பெட்டியின் ஊடாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு மணி நேரப் பதிவு மின்தடையில் அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்துதான். பழைய தொடர்மாடிகளில் சரியான புவித்தொடுப்பு இல்லாத செருகிகளில் மூன்று நான்கு கருவிகளை இணைக்கும்போது எழும் 50 ஹேர்ட்ஸ் முனகல் இன்னொரு தலைவலி. வானிலையும் அனலொக்குக்கு நண்பன் இல்லை. இக்கருவிகளில் உள்ள எலெக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் 10 பாகை கூடும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழப் பாதியாகும். கடலோரத்து உப்புக் காற்று ஆளிகளையும் குமிழ்களின் தொடுகைகளையும் அரிக்கும். கடலோர மரைன் டிரைவில் குளிரூட்டி இல்லாத வீட்டு அறையில் ஒரு பெட்டி லண்டனில் வாழும் ஆண்டுகளை வாழாது.

‘பழுதானால் திருத்தலாமே, கணினியைத் தூக்கித்தானே எறிய வேண்டும்’ என்பவர்களின் வாதம்தான் எனக்கு மிகவும் பிடித்த எதிர்வாதம், ஏனென்றால் அதில் பாதி உண்மை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் உதிரிப்பாகம் வாங்கி, பழைய அம்ப்ளிபயரைப் பற்றாசு வைத்து உயிர்ப்பிக்கும் திறமைசாலிகள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களின் கைக்குத் திறந்து விடும் பழைய காலக் கட்டமைப்பு இன்று விற்கும் மலிவுப் பிரதிகளில் அரிது. பொட்டுப் பொட்டாக ஒட்டிய சிறு பாகங்கள்தான் உள்ளே. ஒளியால் இயங்கும் எல்.ஏ-2ஏ வகைக் கொம்ப்ரசரின் உணரியோ தனியாகச் சுற்றிய டிரான்ஸ்போர்மரோ பழுதானால் முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்காது. அதைவிட முக்கியமானது, பெட்டி வாங்கியதால் கணினி வீட்டைவிட்டுப் போய்விடவில்லை. கணினியின் பழுதோடு பெட்டியின் பழுதும் சேர்கிறது. மென்பொருள் நிறுவனங்கள் மாதச் சந்தாவில் நம்மைக் கட்டிப்போடுகின்றன என்ற முறைப்பாட்டையும் தட்டிக்கழிக்க முடியாது. 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் சந்தா மட்டும்தான் என்று அறிவித்து, எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே பின்வாங்கியதை உலகம் பார்த்தது. அதற்கு விடையாக, பதிவு மென்பொருளுக்குள் சேர்த்து இயக்கும் இலவச ப்ளகின்கள் இருக்கின்றன. டோக்கியோ டோன் ஆய்வுகூடத்தின் கொட்டல்நிகொவ் கொம்ப்ரசரும், மூலநிரலே திறந்து கிடக்கும் ஏர்விண்டோஸ் தொகுதியும் தொழில்முறை வேலைக்குத் தாங்கும். ரீப்பரின் சலுகை உரிமம் 60 டொலர். திருட்டு மென்பொருளின் கூச்சத்திலிருந்து தப்புவதற்குப் பெட்டி வாங்கத் தேவையில்லை.

தொட்டுத் திருகும் சுகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் முழுமையாகாது. திரையைப் பார்த்து வேலை செய்யும்போது கண் கேட்கத் தொடங்கிவிடுகிறது, குமிழைப் பிடித்தால் காது திரும்பி வருகிறது என்கிறார்கள். அதில் சாரம் உண்டு. ஆனாலும் அதற்குத் திரையை அணைத்துவிட்டுக் கேட்கலாம், அல்லது மென்பொருளை இயக்கும் சிறிய குமிழ்ப் பலகை ஒன்றைப் பெட்டியின் சிறு பங்கு விலைக்கு வாங்கலாம். வெளிக் கருவி உண்மையில் தன் இடத்தைச் சம்பாதித்துக்கொள்ளும் சந்தர்ப்பங்கள் வேறு. தவில், நாதஸ்வரம், சுருதி, தாளம் என்று நால்வர் ஒரே நேரத்தில் வாசிக்கும்போது ஒவ்வொருவருக்கும் தாமதமின்றித் தன் ஒலியும் மற்றவர் ஒலியும் ஹெட்போனில் கேட்க வேண்டும். கணினியின் ஊடாகப் போய் வரும் சில மில்லி செக்கன்கூட லயக்காரருக்கு உறுத்தும். அங்கே பழைய அனலொக் மிக்ஸர் ஒன்று கோடி பெறும். கிட்டார் கலைஞரின் பெடலும், வால்வ் அம்ப்ளிபயரும், பழைய சின்தசைசரும் அப்படியே. அவை ஒலியை உண்டாக்குகின்றன, கலைஞரின் விரல் அவற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வாசிக்கிறது. பதிந்து முடிந்த குரலுக்குப் பின்னால் மினுக்குப் பூச வரும் பெட்டியோடு அவற்றை ஒரே தராசில் வைக்கக் கூடாது. மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும், அறை சரியாகக் கட்டப்பட்ட கலையகங்களுக்கும் என் வாதம் பொருந்தாது.

அந்த ஒன்றரை இலட்சம் ரூபாவை வைத்து வீட்டில் வேறென்ன செய்யலாம்? கட்டடங்களில் வெப்பம் தடுக்கப் பயன்படும் ரொக்வூல் எனும் பாறைக் கம்பளிப் பலகையை நான்கு அங்குலத் தடிப்பில் மரச்சட்டத்துக்குள் வைத்துத் துணி போர்த்தி, அறையின் மூலைகளிலும் மைக்குக்குப் பின்னாலும் நிறுத்தலாம். தச்சரின் கூலி உட்பட அந்தத் தொகையில் ஒரு சிறிய அறையைத் திருத்திவிட்டு மிச்சமும் பிடிக்கலாம் என்றே நினைக்கிறேன். யன்னல் சட்டத்தின் இடுக்குகளை இறப்பர்ப் பட்டியால் அடைப்பதற்கு ஆகும் செலவு சொற்பம். முட்டை மட்டையை ஒட்டுவதால் மட்டும் எதுவும் நடக்காது, அது அறையின் அழகைக் கெடுப்பதோடு சரி. மிச்சப் பணத்தில் கடைசி ரயில் போன பிறகு இரவு பதினொரு மணிக்கு வந்து வாசிக்கச் சம்மதிக்கும் நல்ல வயலின் கலைஞருக்கு உரிய சன்மானத்தைக் கொடுக்கலாம். செயற்கை வயலினை விட்டுவிட்டு மனிதர் வாசித்த வயலினுக்கு மாறிய பாட்டில் வரும் வேறுபாடு கைத்தொலைபேசியிலும் கேட்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் அடங்காதவர்கள் இருப்பார்கள். அவர்கள் கடையிலோ நண்பரிடமோ பெட்டியை ஒரு வார இறுதிக்கு இரவல் கேட்கட்டும். ஒரே குரல் பதிவை ஒருமுறை பெட்டியின் ஊடாகவும், ஒருமுறை இலவச ப்ளகினின் ஊடாகவும் காது திருப்திப்படும் வரை அமைத்து எடுக்க வேண்டும். பிறகு இரண்டின் உரப்பையும் பத்தில் ஒரு டெசிபல் பிசகாமல் சமப்படுத்த வேண்டும். இந்தப் படியைத் தாண்டிவிட்டுத்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள், சற்று உரத்து ஒலிப்பது எப்போதும் சிறந்ததாகவே படும். அதன்பின் வீட்டில் வேறொருவர் எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் பத்துத் தடவை போட்டுக் காட்டட்டும். ஒன்பது தடவை பெட்டியைச் சரியாக அடையாளம் கண்டு, ஒவ்வொரு முறையும் அதையே விரும்பினால் தயங்காமல் வாங்கலாம். ஐந்தோ ஆறோ வந்தால் திங்கட்கிழமை காலை திருப்பிக் கொடுத்துவிடலாம்.